புழுக்களோடு நான்கு மாதம்

என் மனைவி டவுன்ஷிப்பில் ஒரு பள்ளியில் உயிரியல் ஆசிரியை. நான் நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பிரிவில் மெக்கானிக். இந்த ஊருக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. இப்போது இருப்பது நான்காவது குவார்ட்டர்ஸ். பின்பக்கம் ஒரு பலா மரமும் துவைக்கிற கல்லும், ஆறேழு செடி வைக்கிற அளவுக்குச் செம்மண் தரையும் உண்டு. அந்தத் தரையில் அவள் வைத்த கத்தரியும் வெண்டையும் ஒரு வருடமும் உருப்பட்டதில்லை. மழை பெய்தால் வழுக்கும், வெயில் அடித்தால் ஓடு மாதிரி இறுகிவிடும்.

இந்த வருடம் ஜனவரியில் அவள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடந்தது. பிள்ளைகள் செய்த எரிமலையையும் காற்றாலையையும் அவரவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மண்புழு உரத் தொட்டியை மட்டும் கொண்டுபோக ஆள் இல்லை. எந்த அம்மாவும் சம்மதிக்கவில்லையாம். சாயங்காலம் அதை ஸ்கூட்டரின் கால் வைக்கிற இடத்தில் நிறுத்தி, இரண்டு பக்கமும் முழங்காலால் அணைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓட்டி வந்தாள்.

"இத எங்க வைக்கப் போற?" என்று கேட்டேன்.

"பின்னாடிதான். துவைக்கிற கல்லு பக்கத்துல."

"சமையக்கட்டுக்குள்ள வரக்கூடாது. சொல்லிட்டேன்."

"கதவத் தட்டிட்டா வரப் போகுது," என்று சொல்லிவிட்டு ஸ்டூலைத் தேடப் போய்விட்டாள்.

எனக்குப் புழு என்றால் பயம். அருவருப்பு என்று சொன்னால் கௌரவமாக இருக்கும், ஆனால் அது பயம்தான். ஏழு வயதில் வயிற்றில் பூச்சி என்று எனக்கு மருந்து கொடுத்தார்கள். மறுநாள் காலையில் நான் பார்த்ததை இங்கே எழுத வேண்டியதில்லை. அதிலிருந்து நெளிகிற எதைக் கண்டாலும் உடம்பு கூசும். நாற்பதடி உயரத்தில் இரும்பு நடைபாதையில் நின்று வேலை செய்கிறவன் நான். பாம்பு வந்தது என்று பக்கத்து வீட்டில் சத்தம் போட்டால் கம்போடு முதலில் ஓடுகிறவனும் நான்தான். அதனால் இதை யாரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

அவள் அந்தத் தொட்டியை அழகாகப் பார்த்துக்கொண்டாள். அடியில் தேங்காய் நார், அதன் மேல் காய்ந்த சாணி, அதன் மேல் காய்கறிக் கழிவு, எல்லாவற்றுக்கும் மேல் ஈரச் சாக்கு. எறும்பு ஏறாமல் இருக்க ஸ்டூலின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தியிருந்தாள். சாயங்காலம் டீ குடிக்கும்போது சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வாங்களேன், வந்து பாருங்களேன்" என்று கூப்பிடுவாள். நான் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வேன்.

எங்கள் ஒரே மகள் புனேயில் இருக்கிறாள். முதல் பிரசவத்துக்கு இங்கே வருவதாகத்தான் பேச்சு. ஏழாம் மாதம் டாக்டர் பயணமே கூடாது என்று சொல்லிவிட்டதால், ஏப்ரல் கடைசியில் மனைவி அங்கே போக வேண்டியதாயிற்று. கோடை விடுமுறையோடு சேர்த்து நீண்ட விடுப்புக்கும் எழுதிக் கொடுத்தாள். கிளம்புகிற அன்று ஒரு நோட்டுத் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். கேஸ் புக் செய்வது, இட்லி மாவு எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்பது இதெல்லாம் இருக்கும் என்று நினைத்தேன். முழுக்கத் தொட்டியைப் பற்றித்தான் எழுதியிருந்தாள்.

சாக்கைத் தினமும் நனைக்கவும். ஊற்ற வேண்டாம், தெளிக்கவும். எலுமிச்சை, ஊறுகாய், உப்பு, எண்ணெய் எதுவும் போடக்கூடாது. வாழைப்பழத் தோலை நறுக்கிப் போடவும். சாணி காய்ந்ததாக இருக்க வேண்டும். கிண்ணங்களில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளவும். கடைசி வரி: கையுறை பீரோ மேல் தட்டில் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை.

அந்தக் கடைசி வரியை ரயில் ஏற்றிவிட்டு வந்த பிறகுதான் படித்தேன். கல்யாணமான இந்த இருபத்தேழு வருடமாக அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

முதல் இரண்டு வாரம் தொட்டியிலிருந்து இரண்டடி தள்ளி நின்றே சமாளித்தேன். குடை நுனியால் சாக்கைத் தூக்குவேன். தோலையும் தழையையும் முறத்திலிருந்து எறிவேன். மறுபடி குடையால் சாக்கை மூடுவேன். தண்ணீரைச் செம்பிலிருந்து விரலால் விசிறுவேன். இவ்வளவும் மூச்சை அடக்கிக்கொண்டு. மனைவி தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள். மகள் எப்படி இருக்கிறாள், டாக்டர் என்ன சொன்னார் என்று சொல்லி முடித்ததும் கேட்பாள்.

"புழு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நீங்க சாப்டீங்களா?"

இந்த வரிசையில்தான் தினமும் கேட்டாள்.

மே மாதம் பிறந்ததும் வெயில் கொளுத்தத் தொடங்கியது. அவள் சேர்த்து வைத்திருந்த காய்ந்த சாணி தீர்ந்துபோனது. எங்களுக்குப் பால் ஊற்றுகிற அம்மா குள்ளஞ்சாவடிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து மொபெட்டில் வருகிறவர். நாற்பது வயது இருக்கும். வீட்டுக்காரர் மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை, வீட்டில் நாலு மாடு. அவரிடம் சாணி கேட்டேன்.

"எதுக்கு சார்? வாச தெளிக்கவா?"

"புழுவுக்கு."

"அம்மா வளக்குதே, அதுக்கா? நீங்க அந்தப் பக்கமே போவ மாட்டீங்கன்னு அம்மா சொல்லிக்கினு இருந்துச்சே." மறுநாள் காலை ஒரு வாளி நிறையக் கொண்டு வந்து பின்பக்கம் இறக்கினார். "பச்ச சாணி சார். நெழல்ல பரப்பி ரெண்டு வாரம் ஆறவுட்டு போடுங்க."

சரி என்றேன். அவர் போன பிறகு குடையால் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே தீனி ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. இரண்டு வாரம் வரைக்கும் அதுகள் எதைத் தின்னும் என்று தோன்றிவிட்டது. மனைவி ஒப்படைத்துப் போன உயிர்கள் பட்டினி கிடந்தன என்ற பேச்சு வரக்கூடாது. வாளியோடு தூக்கி அப்படியே கவிழ்த்தேன். தொட்டி விளிம்பு வரைக்கும் வந்தது. மனம் நிறைந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு செகண்ட் ஷிப்டுக்கு பஸ் ஏறினேன்.

திரும்பி வந்து படுத்தவன் மறுநாள் காலைதான் பின்கதவைத் திறந்தேன். தொட்டியின் வெளிப்பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடுகளாக இருந்தது. அவை நகர்ந்தன. ஸ்டூலின் மேலும் கால்களிலும் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன. கிண்ணத் தண்ணீரில் விழுந்து கிடந்தன. சிமெண்ட் தரையில் ஓடிப் பார்த்தவை பாதி வழியில் காய்ந்து, அறுந்த நூல் மாதிரி ஒட்டியிருந்தன. உயிரோடு இருந்தவற்றின் பக்கம் வெயில் வந்துகொண்டிருந்தது.

உள்ளே ஓடிப்போய் பீரோ மேல் தட்டிலிருந்து கையுறையை எடுத்தேன். அவள் கைக்கு வாங்கியது. என் நான்கு விரல்கள் பாதிதான் நுழைந்தன. இழுத்துப் பார்த்ததில் கிழிந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி பின்பக்கம் வந்து நின்றேன். தரையில் ஒரு புழு வெயிலில் சுருண்டு சுருண்டு விரிந்தது. குனிந்து அதை எடுத்தேன்.

நான் நினைத்திருந்த வழவழப்பு இல்லை. ஜில்லென்று இருந்தது. எடையே தெரியவில்லை. என் உள்ளங்கையில் தலையையோ வாலையோ நீட்டித் தடவிப் பார்த்துவிட்டு, விரல் இடுக்கில் இருந்த நிழலைத் தேடி நுழைந்தது. அதைத் துவைக்கிற கல்லின் நிழலில் விட்டேன். அடுத்ததை எடுத்தேன். பத்துப் பன்னிரண்டு எடுத்த பிறகு கூச்சத்தைக் கவனிக்க நேரமில்லாமல் போய்விட்டது.

அந்த நேரத்தில்தான் பால்காரம்மா வந்தார். முன்பக்கம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தார்.

"இன்னா சார், அப்டியே கொட்டிட்டீங்களா? ஆறவுட்டு போடச் சொன்னேனே."

"பட்டினி கிடக்குமேன்னு..."

"நல்லா போட்டீங்க சோறு." பால் தூக்கைத் திண்டில் வைத்துவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு அவரும் உட்கார்ந்தார். "சாணிய மொதல்ல அள்ளுங்க சார். அதான் வேவுது."

சாணிக்குள் புறங்கையை வைத்துப் பார்த்தேன். வேலையில் எந்த பேரிங் சூடேறுகிறது என்று நாங்கள் புறங்கையால்தான் பார்ப்போம். அந்தச் சாணி, மெஷினையே நிறுத்திச் சரிபார்க்க வேண்டிய சூட்டில் இருந்தது. இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பலா மரத்தடியில் போட்டேன். அவர் தரையில் கிடந்தவற்றைப் பொறுக்கித் துணி அலசுகிற டப்பில் சேர்த்தார். ஸ்டூலில் தொங்கியவற்றை நான் வழித்துப் போட்டேன்.

"நாலு வூட்டுக்குப் பாலு போவணும்," என்றார். "லேட்டுன்னு கேட்டா, சாரோட புழு புடிச்சிக்கினு இருந்தேன்னு சொன்னா நம்புவாங்களா?"

"நான் வேணா வந்து சொல்லட்டுமா?"

"வேணாம் சார். ரெண்டு பேத்தையும் ஒரு மாதிரி பாப்பாங்க."

அவர் போன பிறகு செய்தித்தாளைக் கிழித்து நனைத்துப் பிழிந்து டப்பில் போட்டேன். தொட்டியின் அடியில் இருந்த பழைய கருப்பு மண்ணையும் அதில் சேர்த்தேன். வெளியே எங்கே வைத்தாலும் வெயில் வந்துவிடும். வீட்டில் குளிர்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான், சமையலறையில் பாத்திரம் கழுவுகிற மேடைக்குக் கீழே. டப்பைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்தேன். ஏழெட்டு நாள் அங்கேயே இருந்தது. நான் மேலே தோசை சுடுவேன். கீழே அவை இருக்கும். பாதிக்கு மேல் செத்துப்போயிருந்தன.

சாணி அள்ளிய அன்று சாயங்காலம் மனைவி கூப்பிட்டபோது வரிசை மாறியிருந்தது.

"சாப்டீங்களா?"

"சாப்டேன்."

"புழு?"

"அதுவும் சாப்டுச்சு," என்றேன்.

ஒரு மாதம் இப்படியே பொய் சொன்னேன். ஆனால் அந்த ஒரு மாதமும் புழுக்களை ஒரு நாளும் கவனிக்காமல் விடவில்லை. ஷிப்ட் முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் அவற்றைத்தான் பார்ப்பேன். ஈரம் சரியாக இருக்கிறதா என்று ஒரு பிடி எடுத்துப் பிழிவேன். ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தால் போதும், ஒழுகக்கூடாது. தொட்டியைக் கழுவி, பலா மரத்தின் வடக்குப் பக்கம் நாள் முழுக்க நிழல் விழும் இடத்தில் மறுபடி அமைத்து, டப்பிலிருந்த புழுக்களை அதில் விட்டேன். அன்று அள்ளிப் போட்ட சாணியும் இதற்குள் ஆறி, உதிர்ந்து, புல் வாசம் வந்திருந்தது. ஓரமாக ஒரு கைப்பிடி வைத்துப் பார்த்தேன். மறுநாள் அந்தக் கைப்பிடிக்குள் புழுக்கள் கூடியிருந்தன. அதைப் பார்த்தபோது வந்த நிம்மதி எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஜூனில் ஒரு வார விடுமுறை நாள். முற்பகலில் தொட்டியில் கைவிட்டுக் கிளறிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. இரண்டு கையிலும் மண். சுட்டுவிரலின் புறத்தால் தட்டி ஸ்பீக்கரில் போட்டேன்.

"பொண்ணு," என்றாள் மனைவி. "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. சத்தம் கேக்குதா?"

கேட்டது. கோபமான, மெல்லிய அழுகை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னங்க, இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றேன். அந்த நேரத்தில் எதையும் மறைத்து வைக்க மனம் வரவில்லை. "பாதி செத்துப் போச்சும்மா."

"எது?" அவள் குரல் மாறிவிட்டது.

"புழு. பச்சைச் சாணியப் போட்டுட்டேன். ஒரு மாசம் ஆச்சு. சொல்லல."

"இத இப்பத்தான் சொல்லணுமா?" என்றாள். பிறகு, "எவ்வளவு மிச்சம்?"

"ரெண்டு கை அளவு இருக்கும்."

"கழுத்துக்கிட்ட மோதிரம் போட்ட மாதிரி பட்டை இருக்கா பாருங்க. பட்டை இருந்தா பெரிய புழு. அதுல நாலஞ்சு இருந்தாலே போதும், பெருகிடும்." பிறகு கேட்டாள். "கையால எடுத்தீங்களா?"

"கையுறை கிழிஞ்சிருச்சு."

அவள் சிரித்தாள். பக்கத்திலிருந்து மகள் ஏதோ கேட்டாள். "உங்க அப்பா புழுவக் கையில எடுத்தாராம்" என்று மனைவி சொன்னது எனக்குக் கேட்டது.

மோதிரப் பட்டை கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் இருந்தது. நான்தான் அதுவரை பார்க்கத் தெரியாமல் பார்த்திருக்கிறேன். அடுத்த வாரம் இன்னொன்றைக் கண்டேன். எருவுக்குள் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, தேன் நிறத்தில், இரண்டு முனையும் குறுகிய மணிகள் கிடந்தன. எறும்பு முட்டை என்று நினைத்து, அவை இருந்த எருவோடு ஒரு முறம் அள்ளிக் கறிவேப்பிலைக்கு அடியில் கொட்டினேன். மறுநாளும் அதே மணிகள். சந்தேகம் வந்து போட்டோ எடுத்து அனுப்பினேன். குழந்தையைக் குளிப்பாட்டுகிற நேரம் அது. ஆனாலும் உடனே கூப்பிட்டாள்.

"அதுதாங்க முட்டைக்கூடு. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூணு குஞ்சு வரும். தூரப் போட்டுடாதீங்க."

"நேத்து ஒரு முறம் போட்டுட்டேன்."

"எங்க?"

சொன்னேன். "போய் அள்ளுங்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

கறிவேப்பிலைக்கு அடியில் உட்கார்ந்து, படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் மண்ணை வருடி வருடி மணிகளைப் பொறுக்கினேன். அடுத்த குவார்ட்டர்ஸ்காரர் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, மோதிரம் ஏதும் தொலைந்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கிடைத்தவற்றை ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பாவில் ஈர எருவோடு வைத்தேன். அதை எங்கே வைத்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், சாமி அலமாரிக்குக் கீழே.

இரண்டு வாரம் தாண்டி ஒரு நாள், முதல் ஷிப்ட் முடிந்து வந்து டப்பாவைத் திறந்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஒரு கூட்டைத் தட்டில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அதன் முனையிலிருந்து வெள்ளை நூல் ஒன்று வெளியே வந்துகொண்டிருந்தது. தலைமுடி கனம்கூட இல்லை. உள்ளே நடுவில் மெல்லிய சிவப்புக் கோடு ஓடியது. அது முழுதாக வெளியே வந்து, தட்டின் ஈரத்தில் ஒரு முறை நீண்டு சுருங்கியது. அதை டப்பாவுக்குள் இறக்கிவிட்டு, வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் அது எருவுக்குள் போகும் வரை நின்று பார்த்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு இது ஒரு பைத்தியமாகிவிட்டது. பட்டை போட்ட புழுக்களைத் தனித் தொட்டியில் விட்டேன். மூன்று வாரத்துக்கு ஒரு முறை அவற்றை மட்டும் வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு, கூடுகள் இருந்த எருவை அப்படியே பொரிக்க விட்டேன். மாற்றுவதற்கு நல்ல வழி வெளிச்சம்தான். எருவைக் கூம்பு மாதிரி குவித்து வெளிச்சத்தில் வைத்தால் புழுக்கள் அடிக்கு இறங்கிவிடும். மேலே மேலே எருவை எடுத்துக்கொண்டே போனால் கடைசியில் புழுக்கள் மட்டும் ஒரு பந்தாக மிஞ்சும். அந்தப் பந்தை இரண்டு கையாலும் ஏந்தித் தூக்குவேன். உடம்பு கூசியது எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது. சில நாள் லேசாக வரும், வந்துவிட்டுப் போய்விடும்.

கேன்டீனில் விஷயம் பரவியது. "அண்ணே, மீன் பிடிக்கப் போறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதெல்லாம் என் பக்கம் சந்தேகமாகப் பார்த்தார். ஆனால் ஆகஸ்டில் அதே ஆள் தனியாக வந்து, மாடித் தோட்டம் போட்டிருக்கிறேன், கொஞ்சம் கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டார்.

பால்காரம்மாவுக்கு அதற்கு முன்பே ஒரு முறுக்கு டின் நிறைய எருவோடு புழுக்களைக் கொடுத்திருந்தேன். அவர் அதை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் பழைய சாணிக் குவியலில் விட்டார். "சார், உங்க புழு எங்கூட்டு சாணிய ரொட்டி மாதிரி ஆக்கிக்கினு இருக்குது" என்று ஒரு காலையில் வந்து சொன்னார். அவர் வீட்டுக்காரருக்கு முதலில் பிடிக்கவில்லையாம். இப்போது வேலை விட்டு வந்ததும் அவர்தான் தென்னை ஓலை போட்டு மூடுகிறாராம்.

ஆகஸ்ட் கடைசியில் மனைவி திரும்பி வந்தாள். விருத்தாசலம் ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வந்தேன். வழியெல்லாம் பேத்தியைப் பற்றியே பேசினாள். என்னைப் போலக் காதாம், யாரைப் போலவும் இல்லாத மூக்காம். வீட்டுக்கு வந்ததும் கைப்பையை வைத்துவிட்டு நேராகப் பின்பக்கம் போனாள். ஒரு தொட்டியை விட்டுப் போனவள் நான்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுவர் ஓரமாக இந்தப் புழு எருவைப் போட்டு நான் வைத்த கத்தரிச்செடிகளில் பிஞ்சு பிடித்திருந்தது.

இரண்டாவது தொட்டியின் சாக்கைத் தூக்கி உள்ளே கைவிடப் போனாள்.

"அதத் தொடாத," என்றேன். "அது குஞ்சு. பெருசு பாக்கணும்னா இந்தப் பக்கம் வா."

அவள் கையை எடுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பெரிய புழுக்கள் இருந்த தொட்டிக்கு வந்து, இருவரும் ஆளுக்கொரு பக்கம் குனிந்தோம். நான் ஒரு கை அள்ளிக் காட்டினேன். அவள் ஒரு ஆசிரியையின் குரலில், "ஈரம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள்.

"ஒரு சொட்டுதான் வருது. பிழிஞ்சு பாரு."

பிழிந்தாள். ஒரு சொட்டுதான் வந்தது.

இப்போது வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம். கழிவு நறுக்குவது அவள், சாணி ஆற வைப்பதும் பிரிப்பதும் நான். சண்டை வராமல் இல்லை. மழைக்காலம் வருகிறது, தொட்டிகள் சன்ஷேடுக்குக் கீழே இருக்கட்டும் என்று போன வாரம் சொன்னாள். அங்கே சாரல் அடிக்கும், மரத்தடியிலேயே தகரம் போட்டுக்கொள்ளலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. இருவருமாகச் சேர்ந்து நான்கு தொட்டிகளையும் இழுத்துக்கொண்டு போய்ச் சன்ஷேடுக்கு அடியில் வைத்தோம். மறுநாள் சாயங்காலம் மழை பெய்தது. சாரல் நேராக அங்கேதான் அடித்தது. அவள் குடையைப் பிடித்துக்கொள்ள, நான் ஒவ்வொன்றாக இலை அடர்ந்த மரத்தடிக்கு இழுத்தேன். நான்காவது தொட்டி வருவதற்குள் குடையையும் கீழே போட்டுவிட்டு அவளும் வந்து ஒரு கை பிடித்தாள். நனைந்துபோய் உள்ளே வந்து டீ போட்டோம். தகரம் வாங்க ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும்.